கம்பியில் நல்ல செய்தி மட்டும்

தங்கை எதைப் பற்றியும் புலம்பவில்லை. அவள் அக்காவான கம்பியக்காவைப் பயமுறுத்தியது அதுதான்.

வேறு யாராவது கேட்டால் சிரிப்பார்கள். தங்கச்சி நல்லா இருக்கேன்னு சொன்னா சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பார்கள். அவர்களுக்கு அந்தத் தங்கையைத் தெரியாது. பால் சூடாக இருந்தால் சுடுகிறது என்பாள், ஆற்றிக் கொடுத்தால் ஆறிவிட்டது என்பாள். கல்யாணத்தன்று புதுச் செருப்பு கடிக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் வெறுங்காலோடு நின்றவள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு, கப்பலுக்குக் கப்பல் மாட்டுகிற பேச்சுக் கம்பியில் வந்து, "நல்லா இருக்கேன்க்கா, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று தேன் ஒழுகப் பேசினால், கூடப் பிறந்தவளுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அக்காவும் தங்கையும் போய்க்கொண்டிருந்த கப்பல்களைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. ஊரைக் கேட்டால், படைக்கப்பல்கள் எல்லாம் பழுதுபார்க்கப் பட்டறையில் நிற்கின்றன என்று சொல்லும். உண்மையில் ஒரு டஜன் கப்பல்கள் எதிரிக்குச் சொந்தமான விண்வெளிக்குள் நுழைந்து, விளக்கில்லாமல், வானொலியில்லாமல், திருடன் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. எதிரியின் முதுகுப்பக்கம் இருக்கிற கப்பல் கட்டும் தளத்தை அடித்து நொறுக்கிவிட்டால் போர் தன்னால் முடிந்துவிடும் என்பது பெரியவர்களின் யோசனை. யோசித்த பெரியவர்கள் ஊரிலேயே இருந்துகொண்டார்கள்.

அந்த வெளியில் எதிரியின் காவல் கருவிகள் தேடுவது சூட்டைத்தான். அத்தனை குளிரில் ஓர் அடுப்பு எரிந்தால்கூடத் தெரிந்துவிடும். அதனால் சூட்டை வெளியே தள்ளுகிற பெரிய சிறகுகளை மடக்கி வைத்துவிட்டு, இன்ஜின் சூடு, அடுப்புச் சூடு, ஆட்களின் உடம்புச் சூடு எல்லாவற்றையும் குழாய் வழியாகக் கப்பலின் வயிற்றில் இருந்த மெழுகுக் கிடங்குக்கு அனுப்பினார்கள். சூட்டை வாங்கி வாங்கி மெழுகு மெல்ல உருகும். உருகாத மெழுகு மிச்சம் இருக்கிறவரை கப்பலுக்கு ஆயுசு. தீர்ந்துபோனால் உள்ளேயே வெந்து சாக வேண்டும், இல்லையென்றால் சிறகை விரித்து, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று எதிரிக்கு அழைப்பு வைக்க வேண்டும்.

வானொலியைத் தொடக்கூடாது என்பதால் பேச்சுக்குக் கம்பிதான் கதி. அவ்வப்போது இரண்டு கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து, ஒன்று மற்றதன் மேல் கம்பியை வீசி மாட்டும். கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கழற்றிக்கொள்ளும். வரிசைக்கு நடுவில் போன பெரிய கப்பலுக்கு ஆட்கள் வைத்த பெயர் யானை. அதில் கம்பி அறையைப் பார்த்துக்கொண்டவள்தான் கம்பியக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முன்னால் போகிற கப்பல்களின் செய்தி பின்னால் வருகிறவர்களுக்கும், பின்னால் உள்ள செய்தி முன்னால் போகிறவர்களுக்கும் அவள் காதுக்குள் நுழைந்து அவள் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். வரிசையின் வாலில் வந்த சின்னப் பழுதுபார்க்கும் கப்பலுக்கு நண்டு என்று பெயர். தங்கை அதில் வெல்டர். புருஷன் பெண்டாட்டி ஒரே கப்பலில் போகக்கூடாது என்று படையில் ஒரு சட்டம். அதனால் தங்கையின் வீட்டுக்காரர் யானையில், பம்ப் மெக்கானிக்.

பயணத்தின் தொடக்கத்தில் ஒரு சம்பவம் நடந்தது. முன்னால் போன கப்பல் ஒன்றில், அண்ணன் செத்த செய்தியைக் கம்பியில் கேட்ட ஒருவன் புத்தி பேதலித்துப்போய் வானொலி அறைக் கதவை உடைக்கப் பார்த்தான். நான்கு பேர் சேர்ந்து அவனை அமுக்கிப் பிடித்தார்கள். மறுபடி கம்பி மாட்டியபோது, முதல் கப்பலில் இருந்த படைத்தலைமையிடமிருந்து உத்தரவு வந்தது. குடும்பச் செய்தி என்றால் கம்பியில் நல்லது மட்டும்தான் போக வேண்டும். கெட்டது எதுவானாலும் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் அது உத்தரவாக இருந்தது. அப்புறம் பழக்கமாயிற்று. போகப் போக அதுவே மரியாதை ஆகிவிட்டது. யாராவது லேசாக இருமல் என்று கம்பியில் சொன்னால்கூட, இதையெல்லாமா சொல்வார்கள் என்று கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். யானையின் சமையல்காரர் வாய்த்துடுக்கு பிடித்தவர். அவர் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு யாராவது நன்றாக இருக்கிறது என்றால், "நாக்குக்கு நல்லா இருக்கா, கம்பிக்கு நல்லா இருக்கா?" என்று கரண்டியோடு மடக்குவார். எல்லோரும் சிரிப்பார்கள். இந்தப் பழக்கம் குடும்பச் செய்தியோடு நிற்காமல் கப்பல் தலைவர்களின் பேச்சுக்குள்ளும் புகுந்துவிட்டதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. ஒரு காலத்தில் பம்ப், வால்வு, மெழுகு என்று ஒவ்வொன்றாக ஒப்பித்த தலைவர்கள் இப்போது, "எல்லாம் சரி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கம்பியக்கா மட்டும் இதில் யோக்கியமா? இல்லை. தங்கையின் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை. மெழுகுக் குழாய் ஒன்று வெடித்து, கொதிக்கிற மெழுகு மேலே கொட்டி, டாக்டர் படாத பாடு பட்டும் பிழைக்கவில்லை. பிணத்தை வெளியே விட்டால் தடயம் ஆகிவிடும் என்று குளிர் அறையில் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் நண்டு பக்கத்தில் வந்தபோதெல்லாம் கம்பியக்கா அவரைத் தன் வாயாலேயே உயிரோடு வைத்திருந்தாள். மாப்பிள்ளை சாப்பிட்டார், தூங்கினார், உன்னைக் கேட்டார். யானையில் ஆள் அதிகம் என்பதால் எல்லோருக்காகவும் அவள் ஒருத்திதான் பேசுவாள். அது வசதியாகப் போயிற்று. ஒரு தடவை பேச்சுக்கு ஒன்றும் கிடைக்காமல், அவர் தாடி வளர்க்கிறார் என்று ஒரு போடு போட்டுவிட்டாள். தங்கை பிடித்துக்கொண்டாள். "ஐயோ, கரடி மாதிரி இருக்குமே! எடுக்கச் சொல்லுக்கா. எடுக்கலைன்னா ஊருக்குப் போனதும் பேசவே மாட்டேன்னு சொல்லு" என்று பிடித்த பிடியில், பாதி நேரம் தாடியிலேயே போயிற்று.

அந்தத் தங்கைதான் இன்று தாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரியின் குறட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. தண்ணீரில் அடிக்கிற துரு நாற்றத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கம்பியைக் கழற்றியதும் கம்பியக்கா நேரே யானையின் தலைவர் அறைக்குப் போனாள்.

தலைவர் நல்ல மனுஷர்தான். ஆனால் வரைபடத்தின் மேல் கவிழ்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அடுத்ததாக இடுக்கு என்று அவர்கள் சொல்லும் இடம் வருகிறது. இரண்டு பக்கமும் எதிரியின் காவல் நிலையங்கள். அதற்குள் நுழைந்துவிட்டால் வெளியே வருகிறவரை எந்தக் கப்பலும் எந்தக் கப்பலோடும் கம்பி மாட்ட முடியாது. அந்தக் கவலை அவருக்கு.

"நண்டுல ஏதோ சரியில்லைங்க ஐயா," என்றாள்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. என் தங்கச்சி எதையும் குறை சொல்லல."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "அந்தக் கப்பல் தலைவர் என்கிட்டயே பேசினார்மா. எல்லாம் சரின்னார். உங்க தங்கச்சி புலம்பலைங்கிறதுக்காக நான் வரிசையை நிறுத்த முடியுமா? ஊர் போய்ச் சேர்ந்ததும் நல்லாப் புலம்பச் சொல்லுங்க."

"எல்லாம் சரின்னு எல்லாரும்தான் சொல்றாங்க ஐயா. நாமளும் அதைத்தானே சொல்றோம்."

"சொல்றதுல என்ன தப்பு? நாம சரியாத்தானே இருக்கோம்?"

கம்பியக்காவுக்குப் பதில் வாய்வரை வந்தது. குளிர் அறையில் கிடக்கிறவரைப் பற்றித்தான். விழுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அந்த மனுஷருக்குப் பிணத்தின் நினைவே இல்லை என்றால், அதை மறக்கடித்தது அவள் வாயும்தானே?

இடுக்குக்கு முன்னால் கடைசியாக ஒரு முறை நண்டு யானையின் பக்கத்தில் வந்தது. கம்பி மாட்டியதும் வழக்கம்போல் தலைவர்கள் இருவரும் பேசினார்கள். எல்லாம் சரி. இங்கேயும் எல்லாம் சரி. தலைவர் எழுந்து தன் அறைக்குப் போனார். நண்டின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் சொந்தக்காரர்களைப் பற்றிக் கேட்டார்கள். கம்பியக்கா பழகிய வாயால் எல்லோரும் நலம் என்றாள். அன்றைக்குக் கேட்ட ஒவ்வொருவரும், சொல்லி வைத்த மாதிரி, அவளுக்கு நன்றி சொன்னார்கள். இத்தனை நாளில் கம்பியில் யாரும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. தபால் பெட்டிக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

கடைசியாகத் தங்கை வந்தாள்.

"அக்கா, நல்லா இருக்கியா? அவர் நல்லா இருக்காரா?"

"இருக்கார். நீ?"

"எனக்கென்ன குறை? அக்கா, ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுல உன் பச்சைப் பாவாடை கிழிஞ்சு கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? பக்கத்து வீட்டு நாய் கிழிச்சதுன்னு சொன்னேன். நாய் இல்லக்கா. நான்தான். போட்டுப் பார்க்கலாம்னு எடுத்தேன், ஆணியில மாட்டிக்கிச்சு. நீ ரெண்டு நாள் அழுதே. மனசுல வெச்சுக்காதே, என்ன?"

கம்பியக்காவுக்குப் புரிந்துவிட்டது. மன்னிப்பு என்ற சொல்லே தெரியாத பெண் அவள். பாவாடைக்கு மன்னிப்பு கேட்கிறாள் என்றால் திரும்ப வரப்போவதில்லை என்று அர்த்தம்.

"என்னடி ஆச்சு அங்க? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கோம்."

"என்மேல சத்தியமா?"

"நல்லா இருக்கோம்னு சொல்றேன்ல. அவர்கிட்ட... அவரை உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு. தாடியை வெச்சுக்கட்டும், பரவாயில்ல."

அவள் கம்பியை வைக்கப் போகிறாள் என்று தெரிந்தது. கெஞ்சினால் சொல்ல மாட்டாள். திட்டினாலும் சொல்ல மாட்டாள். யாரையோ காப்பாற்றுவதற்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அது யார் என்று கண்டுபிடிக்க அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை. கம்பியக்கா கையை நீட்டித் தலைவர் அறைக்குப் போகும் ஒலிபெருக்கியின் சுவிட்சைப் போட்டாள். இனிமேல் பேசுவதெல்லாம் அவர் காதிலும் விழும். உத்தரவை மீறிய குற்றத்துக்கு வேறு சாட்சி தேட வேண்டாம்.

"உன் வீட்டுக்காரர் உயிரோட இல்லடி," என்றாள்.

தங்கை வாயைத் திறப்பதற்குள் மீதியையும் சொன்னாள்.

"மெழுகுக் குழாய் வெடிச்சிருச்சு. டாக்டர் எவ்வளவோ பார்த்தார். நான் பக்கத்துலயே இருந்தேன். கடைசிவரைக்கும் உன் பேரைத்தான் சொன்னார்."

"எப்போ?" அது தங்கையின் குரல் மாதிரியே இல்லை.

"பயணத்துல பாதிகூட வரல, அப்பவே."

"அப்போ தாடி?"

"அது நானா சொன்னது."

"தாடிக்காக அவரோட சண்டை போட்டேனேக்கா. செத்தவர்கூடச் சண்டை போட்டேனே. கேட்டுக்கிட்டு இருந்தியே நீ, சிரிக்க வேற செஞ்சே. எப்படிக்கா முடிஞ்சுது உன்னால?"

கம்பியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வந்துவிட்டால் பேச்சு போய்விடும், நேரமும் போய்விடும். "என்னைக் கொல்லணும்னா வந்து கொல்லு. இப்போ சொல்லு. அங்க என்ன?"

தங்கை பெரிதாக மூச்சு விட்டாள். அப்புறம் அணை உடைந்த மாதிரி கொட்டினாள். "எங்க மெழுகு தீர்ந்துபோச்சு. கிடங்கு பிளந்து பாதி மெழுகு கொட்டிப்போச்சு, எவ்வளவு வெல்டு வெச்சும் நிக்கல. தரை சுடுது. செருப்பு ஒட்டிக்குது. படுக்க முடியல, சட்டை போட முடியல, குடிக்கிற தண்ணி வெந்நீரா வருது. சொன்னா நீங்க நிப்பீங்க, நின்னா மாட்டிப்பீங்கன்னு எங்க தலைவர் சொன்னார். இன்னைக்குப் பேசிட்டு வரிசையை விட்டு விலகிடறது, நீங்கல்லாம் தூரமாப் போனதும் சிறகை விரிச்சிடறதுன்னு முடிவு. எங்களைப் பிடிக்க அவங்க வரும்போது நீங்க இடுக்கைத் தாண்டிடலாம். எல்லாரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். அவர் போய்ச் சேரட்டும்னு தூக்கினேன். இல்லாத ஆளுக்காகத் தூக்கியிருக்கேன்!"

"வெல்டர்! கம்பியை வை!" என்று பின்னால் ஒரு கனத்த குரல் அதட்டியது. நண்டின் தலைவர்.

அதற்குள் யானையின் தலைவர் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்துவிட்டார். ஒரு கன்னத்தில் நுரை. கம்பியக்காவை ஒரு பார்வை பார்த்தார், கம்பியைப் பிடுங்கிக்கொண்டார். "என்னய்யா நடக்குது அங்க?"

"எல்லாம் சரிதான்," என்றது கனத்த குரல்.

"அந்தக் கதையை விடு. தரை சுடுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

நண்டின் தலைவர் மறுபடியும், எல்லாம் என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். கடைசியில், "சுடுது," என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் ஓட்டம்தான். இரண்டு கப்பல்களுக்கும் நடுவில், சாமான் ஏற்றுகிற குழாயைப் பொருத்தினார்கள். நண்டின் ஆட்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டால் யானையின் மெழுகு தாங்குமா என்று கணக்குப் போட்டார்கள். அடுப்பை அடியோடு அணைத்துவிட்டால் தாங்கும் என்று வந்தது. "மிச்ச தூரம் பூரா ஊறவெச்ச தானியம்தானா?" என்று சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வைத்த கையை எடுத்துவிட்டு அவரே போய் அடுப்பை அணைத்தார். தலைவர் கம்பியக்காவிடம், "உங்க விசாரணையை ஊர் போய் வெச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நண்டின் இன்ஜினை நிறுத்தி, அதை இருட்டில் குளிர்ந்துபோக விட்டுவிட்டு, வரிசை இடுக்குக்குள் நுழைந்தது. கம்பிகளை எல்லாக் கப்பல்களும் சுருட்டிவிட்டன.

நண்டிலிருந்து வந்தவர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். முகமெல்லாம் சிவந்து, உதடு வெடித்து, கால்களில் ஈரத்துணி சுற்றியிருந்தார்கள். தங்கை ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பியக்கா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள், குடித்தாள், அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்றும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று கம்பியக்கா மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் போதவில்லை.

அவள் திரும்பியபோது நண்டின் தலைவர் எதிரில் நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று கூடத்தின் கதவுவரை வரிசை நின்றது. வெல்டரின் புருஷன் செத்த கதை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போய் எல்லோரையும் எட்டியிருந்தது. சாகத் துணிந்து கை தூக்கிய ஒவ்வொருவருக்கும், அதற்குக் காரணமான ஓர் ஆள் வேறொரு கப்பலில் இருந்தார்.

"என் பொண்ணு," என்றார் நண்டின் தலைவர். "முதல் கப்பல்ல நர்ஸ். எப்படி இருக்கா?"

எத்தனையோ தடவை இதே கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது தங்கை பக்கம் திரும்பினாள். சுவரோரத்திலிருந்து தங்கை முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுக்கா," என்றாள். "எனக்குச் சொன்னே இல்ல, அதே மாதிரி சொல்லு."

"இல்லைங்க ஐயா," என்றாள் கம்பியக்கா. "காய்ச்சல் வந்து... போயிட்டா."

அவர் தலையை ஆட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு சந்தேகம் எழுப்பவில்லை. கேட்ட உடனேயே நம்பிவிட்டார். பக்கத்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

அடுத்து நின்றவள் நண்டில் பெயிண்ட் அடிக்கிற வேலை பார்த்த பெண். "என் தம்பி?" என்றாள். "அவனும் முதல் கப்பல்லதான்."

கம்பியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தம்பி நன்றாக இருந்தான். போன தடவை முதல் கப்பலோடு கம்பி மாட்டியபோது அவனே வந்து பேசினான். வாய் ஓயாத பையன், அக்கா இளைத்துவிட்டாளா என்று கேட்டு உயிரை எடுத்துவிட்டான்.

"நல்லா இருக்கான்மா," என்றாள் ஆசையாக. "உன் தம்பி நல்லா இருக்கான்."

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ என் தம்பி" என்று தரையில் விழுந்தாள்.

"நிஜமாம்மா! நிஜமாச் சொல்றேன், உசுரோட இருக்கான்! நானே பேசினேன்!" கம்பியக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். சத்தியம் செய்தாள். தன் தங்கை தலைமேல் கை வைத்துச் சொல்லக்கூடத் தயாராக இருந்தாள். யார் கேட்கிறார்கள்? இடுக்கைத் தாண்டுகிறவரை கம்பி இல்லை, அவன் குரலைக் காட்டவும் வழியில்லை. வரிசையில் நின்ற பெண்கள் இரண்டு பேர் குனிந்து, அழுகிறவளை அணைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து அவள் தம்பிக்காக அழத் தொடங்கினார்கள்.